மலையில் மார்ச் மாதத்தை என்னவென்று எழுதுவது: வசந்தமா, பின்பனியா?

எல்லநள்ளி ஆசிரியை:

அனைவருக்கும் வணக்கம். கேத்திப் பள்ளத்தாக்கின் மேல் விளிம்பில் உள்ள ஒரு சிறிய பள்ளியில் அறிவியல் கற்பிக்கிறேன். மூன்று ஆண்டுகளாக ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுடன் சேர்ந்து வானிலைக் குறிப்பேடு ஒன்றை எழுதி வருகிறோம். நாள்தோறும் காலை எட்டரை மணிக்கு மழைமானியைப் பார்த்து, கடந்த இரவின் குறைந்த வெப்பநிலையையும் முந்தைய பகலின் உச்ச வெப்பநிலையையும் குறித்து, மைதானப் புல்லின் மேல் படிந்திருப்பது நீர்ப்பனியா உறைபனியா என்பதையும் எழுதி வைப்போம். ஒவ்வொரு மாதத்தின் முதற்பக்கத்திலும் அந்த மாதத்தின் இயல்பைப் பிள்ளைகளே தங்கள் சொற்களில் விவரிக்க வேண்டும் என்பது நாங்கள் வைத்துக்கொண்ட விதி.

மார்ச் மாதப் பக்கம்தான் ஒவ்வோர் ஆண்டும் என்னைத் தயங்க வைக்கிறது. பாடநூல்களிலும் சுற்றுலாத் துண்டறிக்கைகளிலும் படித்ததை மனத்தில் வைத்துக்கொண்டு, வசந்தம் தொடங்கிவிட்டது, மிதமான குளிர், இதமான வெயில் என்று எழுதிவிடுகிறார்கள். அட்டவணையைப் பார்த்தால் அதில் பிழை எதுவும் தெரிவதில்லை. உதகையில் மார்ச் மாதச் சராசரிப் பகல் உச்சம் 22 முதல் 23 டிகிரி செல்சியஸ். இரவுக் குறைவு 9 டிகிரியை ஒட்டியது. மாத மழை ஏறத்தாழ 30 மில்லிமீட்டர். இந்த மூன்று எண்களை மட்டும் பார்ப்பவர்கள் இதை மென்மையான மாதம் என்றே எண்ணுவார்கள்.

எங்கள் குறிப்பேட்டில் இருக்கும் மார்ச் அப்படிப்பட்டது இல்லை. காலையில் கை விறைக்க வந்து சேரும் பிள்ளைகள் நண்பகலில் நெற்றி சுடுகிறது என்கிறார்கள். மூன்று வாரம் ஒரு துளி மழையும் இல்லாமல் கழிந்து, ஒரே மாலையில் அந்த மாதத்து மழை முழுவதும் கொட்டித் தீர்ந்த ஆண்டும் அதில் உண்டு. ஆகவே நீலகிரியிலும் பழனி மலையிலும் வாழ்கிறவர்களிடம் கேட்கிறேன். உங்கள் ஊரில், உங்கள் தொழிலில், மார்ச் எப்படிப்பட்ட மாதம்? நீங்கள் எழுதுவதைப் பிள்ளைகளுக்கு வகுப்பில் படித்துக் காட்டுவேன்.

வட்டக்கானல் வாசி:

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். உங்கள் பிள்ளைகளுக்கு முதலில் சொல்ல வேண்டியது, நம்முடைய ஆறு பெரும்பொழுதுகளில் இந்த மாதத்துக்கு ஏற்கெனவே ஒரு பெயர் இருக்கிறது என்பதுதான். மாசியும் பங்குனியும் பின்பனிக் காலம். இளவேனில் சித்திரையில்தான் தொடங்குகிறது. முன்பனி என்பது இரவின் முற்பகுதியிலேயே பனி இறங்கும் காலம் என்றும், பின்பனி என்பது இரவின் பிற்பகுதியில் பனி விழும் காலம் என்றும் விளக்கம் சொல்வார்கள். மலையில் இருப்பவர்களுக்கு இந்த விளக்கம் எவ்வளவு பொருத்தமானது என்பது அனுபவத்தில் தெரியும். தை மாதத்தில் மாலை ஆறு மணிக்கே புல் நனைந்துவிடும்; மார்ச்சில் இரவு பத்து மணிக்குக்கூடத் தரை உலர்ந்திருக்கும், விடியற்காலை மூன்று மணிக்கு மேல்தான் ஈரம் படியும். இன்னொன்றும் உண்டு. பாலைத் திணைக்கு உரிய பொழுதாக வேனிலோடு பின்பனியையும் நம் இலக்கணத்தார் சேர்த்தார்கள். பாலை என்றால் வெப்பம் மட்டும் என்று நினைத்திருந்த எனக்கு, மார்ச் மாதத்துப் புல்வெளி சாம்பல் பழுப்பாகக் காய்ந்து கிடப்பதைப் பார்க்கும்போதெல்லாம் அந்தச் சேர்க்கையின் காரணம் விளங்குகிறது.

அடுத்து, வெயிலைப் பற்றி. மார்ச் 21 ஆம் நாளை ஒட்டிச் சூரியன் நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே நிற்கிறது. உதகை ஏறக்குறைய 11.4 டிகிரி வட அகலாங்கில் இருப்பதால் அன்று நண்பகலில் சூரியன் உச்சியிலிருந்து அந்த 11.4 டிகிரி மட்டுமே சாய்ந்திருக்கும். ஏப்ரல் 20 வாக்கில் நேர் உச்சிக்கே வந்துவிடும். கொடைக்கானலுக்கு இன்னும் மூன்று நான்கு நாள் முன்னதாகவே வரும். அதாவது கதிரின் வலிமையில் மார்ச் ஏற்கெனவே கோடைதான். காற்று மட்டும்தான் இன்னும் குளிராக இருக்கிறது. கடல் மட்டத்திலிருந்து ஒவ்வோர் ஆயிரம் மீட்டர் ஏற்றத்துக்கும் புற ஊதாக் கதிர் ஏறத்தாழ பத்து விழுக்காடு கூடும். உங்கள் பிள்ளைகளின் நெற்றி சுடுவதற்கும் நிழலில் நின்றதும் குளிர்வதற்கும் காரணம் இதுவே. தெர்மாமீட்டர் நிழலில், வெள்ளைக் கூண்டுக்குள் இருப்பதால் வெயிலில் நிற்கும் பிள்ளையின் கதை அதற்குத் தெரியாது.

மேட்டுப்பாளையம் பயணி:

நடுவே குறுக்கிடுவதற்கு மன்னிக்க வேண்டும். மார்ச் இரண்டாம் வாரத்தில் வயதான அம்மாவையும் இரண்டு வயதுக் குழந்தையையும் அழைத்துக்கொண்டு மூன்று நாள் குன்னூரில் தங்க இருக்கிறோம். இங்கே இப்போதே மின்விசிறி இல்லாமல் உட்கார முடியவில்லை. கம்பளி ஆடை தேவையா? மழை வருமா?

கோத்தகிரிக் கொழுந்து:

தம்பி, கம்பளி கட்டாயம் தேவை, ஆனால் பகலுக்கு இல்லை. ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். மலை ரயில் பாதையில் மேட்டுப்பாளையம் நிலையம் 326 மீட்டர் உயரத்திலும் உதகை நிலையம் 2203 மீட்டர் உயரத்திலும் இருக்கின்றன. வேறுபாடு 1877 மீட்டர். ஆயிரம் மீட்டருக்கு ஆறரை டிகிரி வீதம் குறையும் என்று வைத்துக்கொண்டால் 12 டிகிரி. உங்கள் ஊரில் 35 டிகிரி என்றால் உதகையில் 23. குன்னூர் 1850 மீட்டரை ஒட்டி இருப்பதால் உதகையைவிட இரண்டு மூன்று டிகிரி கூடுதலாக இருக்கும். பகலில் பருத்திச் சட்டையே போதும், தலைக்கு மட்டும் தொப்பியோ துண்டோ இருக்கட்டும். சூரியன் மறைந்த அரை மணி நேரத்தில் குளிர் இறங்கிவிடும். அம்மாவுக்குக் காதை மூடும் சால்வையும் குழந்தைக்கு இரவில் காலுறையும் வேண்டும். குளிரைவிட வறட்சிதான் வயதானவர்களுக்குத் தொந்தரவு தரும். அடிக்கடி வெந்நீர் குடிக்கச் சொல்லுங்கள்.

மழையைப் பற்றி உறுதி சொல்ல முடியாது. மாதத்தின் முதற்பாதியில் வருவது அரிது. வந்தால் மதியம் இரண்டு மணிக்கு மேல் இடியோடு வரும். அதனால் வெளியே போகிற வேலைகளைக் காலையிலேயே முடித்துவிடுங்கள். காலையில் காட்சிமுனையிலிருந்து சமவெளி தெரியும். பதினொரு மணிக்கு மேல் புழுதி மூட்டம் மேலேறி வந்து மறைத்துவிடும்.

கேத்தி காய்கறி:

டீச்சர், உங்கள் பள்ளிக்குக் கீழே பள்ளத்தில்தான் எங்கள் நிலம் இருக்கிறது. உங்கள் மைதானத்துக்கும் என் கேரட் பாத்திக்கும் நேர்க்கோட்டில் ஒரு கிலோமீட்டர்கூட இருக்காது. ஆனால் இருவரும் ஒரே மார்ச்சில் வாழவில்லை என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

'சிவராத்திரிக்குப் பின் பனி சிவசிவ என்று போய்விடும்' என்று சொல்வார்கள். மேட்டில் இருப்பவர்களுக்கு அது சரி. பள்ளத்தில் இருக்கும் எங்களுக்கு அப்படிப் போவதில்லை. சென்ற ஆண்டு சிவராத்திரி கழிந்து பத்து நாளுக்குப் பிறகும் ஒரு விடியற்காலையில் ஓடைக்கரைப் பாத்திகள் உப்புத் தூவியது போல வெளுத்துக் கிடந்தன. அன்று வானொலியில் குறைந்த வெப்பநிலை 5 டிகிரி என்று சொன்னார்கள். ஐந்து டிகிரியில் எப்படி உறையும் என்று என் மகன் கேட்டான். அப்போது எனக்குப் பதில் தெரியவில்லை. வேளாண் பயிற்சிக்குப் போன இடத்தில்தான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். வானிலை நிலையத்தில் தெர்மாமீட்டர் தரையிலிருந்து நாலடிக்கு மேல், கூண்டுக்குள் இருக்கிறது. மேகமும் காற்றும் இல்லாத இரவில் தரையும் புல்லும் தங்கள் வெப்பத்தை நேராக வானத்துக்கு இழந்துவிடுகின்றன. அதனால் கூண்டுக்குள் 4, 5 டிகிரி இருக்கும்போதே புல்லின் நுனி சுழியத்துக்குக் கீழே போய்விடும். குளிர்ந்த காற்று கனமானது. அது தண்ணீரைப் போலவே சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். எங்கள் நிலம் அந்தத் தேக்கத்தின் அடியில் இருக்கிறது.

இப்படிப்பட்ட காலையில் வெயில் ஏறுவதற்கு முன்னால் ஸ்பிரிங்கிளரைத் திறந்து பனியைக் கழுவிவிட வேண்டும். வெயில் நேராகப் பட்டுவிட்டால் இலை கருகிவிடும். இதற்காகவே ஐந்து மணிக்கு எழுகிறோம். தேயிலைக்காரர்கள் தாகை என்னும் பெரணிச் செடியை வெட்டி இளஞ்செடிகளின் மேல் மூடி வைப்பார்கள். மார்ச் பிறந்துவிட்டது என்று அதை எடுத்துவிட்டவர்கள் வருந்தியதை நான் பார்த்திருக்கிறேன்.

எங்களுக்கு மார்ச் என்பது காத்திருக்கும் மாதமும்கூட. நீர்போகம், கார்போகம், கடைபோகம் என்று உருளைக்கிழங்குக்கு மூன்று பருவம். தை மாசியில் ஓடைத் தண்ணீரை நம்பி நட்டது நீர்போகம். மழையை நம்பி நடுவது கார்போகம். அதற்கு மார்ச் கடைசியில் அல்லது ஏப்ரல் முதலில் ஒரு நல்ல மழை கிடைத்தால்தான் மண்ணைக் கொத்த முடியும். முப்பது மில்லிமீட்டர் என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். அது எட்டு நாள் நாலு நாலு மில்லிமீட்டராகத் தூறினால் எங்களுக்கு ஒரு பயனும் இல்லை. மேல் மண் நனைந்து, மறுநாள் வெயிலில் காய்ந்துவிடும். ஒரே மாலையில் பெய்தால்தான் விதைக்கிழங்கை வெளியே எடுப்போம்.

எல்லநள்ளி ஆசிரியை:

அண்ணா, இது எங்கள் குறிப்பேட்டில் இல்லாத செய்தி. நாளையே உங்களிடம் கேட்டு, பள்ளத்தில் ஒரு தெர்மாமீட்டர் வைக்க முடியுமா என்று பார்க்கிறேன்.

ஒரு கேள்வி வட்டக்கானல் ஐயாவுக்கு. கொடைக்கானலின் மார்ச் மாத எண்களை எடுத்துப் பார்த்தேன். பகல் உச்சம் 20 டிகிரியை ஒட்டியும் இரவுக் குறைவு 10, 11 டிகிரியாகவும் இருக்கின்றன. அதாவது பகலில் உதகையைவிடக் குளிர், இரவில் உதகையைவிட வெப்பம். தெற்கே இருப்பதால் இரவு வெப்பம் கூடுகிறது என்று வகுப்பில் சொல்லிவிட்டேன். அப்படியானால் பகலும் கூட வேண்டுமே என்று ஒரு மாணவி கேட்டாள். என்னால் விளக்க முடியவில்லை.

வட்டக்கானல் வாசி:

அந்த மாணவிக்கு என் பாராட்டைச் சொல்லுங்கள். கேத்தி நண்பர் எழுதியதிலேயே விடை இருக்கிறது. கொடைக்கானலின் வெப்பநிலை சூரிய ஆய்வகத்து மலையில் அளக்கப்படுகிறது. அது 2343 மீட்டர் உயரமுள்ள மேடு. இரவில் குளிர்ந்த காற்று அங்கே தேங்காமல் கீழே ஏரிப் பக்கம் வழிந்துவிடுகிறது. அதனால் மேட்டில் இரவு அவ்வளவு குளிர்வதில்லை. பகலில் உயரம் தன் வேலையைச் செய்கிறது, காற்றும் தடையின்றி வீசுகிறது. அதனால் உச்சம் குறைகிறது. உதகை நகரமோ சுற்றிலும் மலை சூழ்ந்த கிண்ணம். பகலில் கிண்ணம் சூடேறும், இரவில் குளிர் அதில் நிரம்பும். ஆகவே நீங்கள் ஒப்பிட்டது இரண்டு ஊர்களை என்று தோன்றினாலும், உண்மையில் ஒரு மேட்டையும் ஒரு பள்ளத்தையும் ஒப்பிட்டிருக்கிறீர்கள். கொடைக்கானலிலேயே ஆய்வக மேட்டில் நீர்ப்பனி மட்டும் இருக்கும் காலையில் ஏரிக்கரைப் புல்லிலும் ஜிம்கானா மைதானத்திலும் உறைபனி கிடப்பது குளிர்காலத்தில் வழக்கமான காட்சி.

ஆய்வகத்தைப் பற்றிச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்ல வேண்டும், ஏனெனில் அது இந்த மாதத்தின் வானிலையோடு நேரடியாகத் தொடர்புடையது. சென்னையில் இருந்த வானாய்வகத்துக்கு ஒரு மலை இடம் தேடியபோது மிக்கி ஸ்மித் என்பவர் பழனி மலையிலும் நீலகிரியிலும் வானத்தின் தெளிவையும், தொலைநோக்கியில் பிம்பம் எவ்வளவு அசையாமல் நிற்கிறது என்பதையும் சோதித்துப் பார்த்தார். அதன் பின்னரே கொடைக்கானல் தேர்வாகி, 1899 இல் ஆய்வகம் நிறுவப்பட்டது. சூரியக் கரும்புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதை வானியலாளர் எவர்ஷெட் இங்கேதான் 1909 இல் கண்டறிந்தார். சூரியனைப் பார்ப்பவர்களுக்குக் காலை நேரம்தான் உகந்தது. வெயில் ஏறித் தரை சூடானதும் காற்று கலங்கத் தொடங்கி பிம்பம் துடிக்கும். நண்பகலுக்கு மேல் திரள்மேகம் வந்துவிடும். கோத்தகிரி நண்பர் பயணிக்குச் சொன்ன அறிவுரையும் இதுவும் ஒன்றே.

தாண்டிக்குடிக் காப்பி:

கீழ்ப் பழனி மலையிலிருந்து எழுதுகிறேன். மார்ச் என்றால் எங்கள் பகுதியில் ஒரே பேச்சுதான்: பூ மழை வந்ததா?

பிள்ளைகளுக்குப் புரியும்படி சொல்கிறேன். காப்பிச் செடியில் அறுவடை தை மாசியோடு முடிகிறது. அதற்குப் பிறகு கணுக்களில் பூமொட்டுகள் பச்சை அரிசி போல உருவாகி, வளராமல் உறங்கும். அந்த உறக்கத்துக்கு வறட்சி தேவை. நன்றாகக் காய்ந்த பிறகு, மார்ச்சிலோ ஏப்ரல் தொடக்கத்திலோ 25 மில்லிமீட்டருக்குக் குறையாத ஒரு மழை பெய்ய வேண்டும். பெய்தால் எட்டு, ஒன்பது நாளில் மலைச்சரிவு முழுவதும் ஒரே காலையில் வெள்ளையாகப் பூக்கும். மல்லிகை போன்ற மணம். மூன்று நாள் இருக்கும், பிறகு உதிர்ந்துவிடும். அந்த மூன்று நாளில் பெருமழை பெய்தால் மகரந்தம் கரைந்து காய் பிடிக்காது. அதிலிருந்து இரண்டு மூன்று வாரத்துக்குள் இன்னொரு மழை வர வேண்டும். வராவிட்டால் பிடித்த பிஞ்சும் நிற்காது.

பத்து மில்லிமீட்டர் தூறல்தான் எல்லாவற்றிலும் மோசமானது. பெய்யாமலே இருந்தால் மொட்டு பொறுத்திருக்கும். பாதி நனைந்தால் பாதி விழித்து, விரிய வலுவில்லாமல் பழுப்பாகிக் கருகும். ஆகவே ஆசிரியை அவர்களே, மாத மழை 30 மில்லிமீட்டர் என்ற எண்ணுக்கு எங்கள் தோட்டத்தில் மூன்று வெவ்வேறு பொருள்கள் உண்டு. ஒரே நாளில் 30 பெய்தால் நல்ல ஆண்டு. மூன்று முறை பத்துப் பத்தாகப் பெய்தால் இழப்பு. பூத்த நாளில் பெய்தால் அதுவும் இழப்பு. ஓர் அட்டவணைக்கு இந்த மூன்றும் ஒன்றுதான். நான் முப்பது ஆண்டாக ஒரு நோட்டில் மழையை எழுதி வருகிறேன். அதில் அளவுக்குப் பக்கத்தில் நாளையும் மணியையும் எழுதுவேன். அந்த இரண்டும் இல்லாவிட்டால் அந்த எண்ணை வைத்து எனக்கு ஒன்றும் செய்ய முடியாது.

தண்ணீர் வசதி உள்ளவர்கள் மாசிக் கடைசியிலேயே ஸ்பிரிங்கிளர் போட்டுப் பூக்க வைத்துவிடுகிறார்கள். குறிப்பாக ரோபஸ்டா பயிரிடுவோர் அப்படிச் செய்வார்கள். எங்கள் பக்கம் பெரும்பாலும் அரேபிகா, மழையையே நம்பியிருக்கிறோம்.

கூடலூர் மேட்டுநிலம்:

இழை முழுவதையும் படித்தேன். அனைவரும் பொறுத்துக்கொள்ள வேண்டும், ஆனால் நீலகிரி என்றாலே உதகை, குன்னூர், கேத்தி என்று எழுதிக்கொண்டு போவது எனக்கு வருத்தமாக இருக்கிறது. கூடலூரும் பந்தலூரும் நீலகிரி மாவட்டம்தான். நாங்கள் ஆயிரம் மீட்டரை ஒட்டிய உயரத்தில் இருக்கிறோம். மார்ச்சில் எங்களுக்குப் பகல் 30 டிகிரி. உறைபனி என்பது கதை. தென்மேற்குப் பருவமழையில் தேவாலாவில் பெய்வது போல மாநிலத்தில் வேறெங்கும் எளிதில் பெய்வதில்லை. ஆனால் அதே தேவாலாவில் மார்ச் மாதம் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தால் அடிப்பாறை தெரியும்.

இன்னும் கீழே முதுமலைக்கும் மசினகுடிக்கும் போனால் அது வேறு உலகம். நீலகிரி மலை தென்மேற்குக் காற்றை மறித்துவிடுவதால் சீகூர்ப் பீடபூமி மழை மறைவு நிலம். பிப்ரவரியிலேயே இலை உதிர்ந்து, மார்ச்சில் காடு முழுவதும் வெறும் கிளைகளாக நிற்கும். யானைகள் நீர் இருக்கும் மாயாற்றுப் பக்கம் இறங்கும். ஆகவே 'நீலகிரியின் மார்ச்' என்று ஒரு பக்கம் எழுதினால் அது உதகையின் மார்ச்சாகத்தான் இருக்கும். எங்கள் பிள்ளைகள் அதைப் படித்தால் தங்கள் ஊர் இதில் இல்லை என்பார்கள்.

எல்லநள்ளி ஆசிரியை:

நீங்கள் சொல்வது முற்றிலும் சரி. என் கேள்வியிலேயே அந்தக் குறை இருந்தது, ஏற்றுக்கொள்கிறேன். பக்கத்தின் தலைப்பை 'எங்கள் பள்ளியில் மார்ச்' என்று மாற்றச் சொல்லிவிட்டேன். கூடலூரில் ஏதேனும் ஒரு பள்ளி எங்களோடு சேர்ந்து எழுத முன்வந்தால் இரு குறிப்பேடுகளையும் அருகருகே வைத்துப் பார்க்கலாம். உங்களுக்குத் தெரிந்த ஆசிரியர்கள் இருந்தால் இந்த இழையைக் காட்டுங்கள்.

மதியத்தில் மட்டும் மழை வருவது ஏன், அதுவும் மாதக் கடைசியில் மட்டும் ஏன் என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். யாராவது விளக்க முடியுமா?

வட்டக்கானல் வாசி:

சுருக்கமாகச் சொல்ல முயல்கிறேன். சனவரி, பிப்ரவரியில் நம் மேலே காற்று மெல்லக் கீழிறங்குகிறது. இறங்கும் காற்று சூடாகி உலரும். அது ஒரு மூடி போல நின்று கீழேயுள்ள ஈரத்தையும் புழுதியையும் மேலே வரவிடாது. காலையில் கொடைக்கானலில் மலை விளிம்பு நடைபாதையான கோக்கர்ஸ் வாக்கில் நின்று பார்த்தால் சமவெளி ஒரு பழுப்புப் படலத்தின் அடியில் இருப்பதும் நமக்கு மேலே வானம் கருநீலமாக இருப்பதும் அந்த மூடியின் விளைவு. மார்ச் வளர வளரத் தரை சூடாகி அந்த மூடி தளர்கிறது. அதே நேரத்தில் வங்கக் கடலிலிருந்து ஈரமான கிழக்குக் காற்றும் அரபிக் கடலிலிருந்து மேற்குக் காற்றும் மேற்குத் தொடர்ச்சி மலையை ஒட்டிச் சந்திக்கத் தொடங்குகின்றன. வானிலை அறிக்கையில் காற்றுமுறிவு என்று சொல்வது இதைத்தான். இரண்டு காற்றும் சந்திக்கும் இடத்தில் ஈரம் மேலெழ வேண்டும். மலைச்சரிவு அதற்கு ஏணி. நண்பகல் வெயில் அதற்கு விசை. அதனால்தான் காலையில் தெளிவு, மதியம் திரள்மேகம், மூன்று மணிக்கு இடி, சில நாளில் ஆலங்கட்டி, ஏழு மணிக்கு மறுபடியும் நட்சத்திரம். ஒரே ஒரு மேகத்தின் மழை என்பதால் அதன் அகலம் சில கிலோமீட்டர்தான். பக்கத்து ஊரில் பெய்தது நமக்குப் பெய்ததாகாது.

கோத்தகிரிக் கொழுந்து:

யாரும் இதுவரை தொடாத இரண்டு செய்திகளை எழுதிவிடுகிறேன். இவற்றை எழுதாமல் மார்ச்சைப் பற்றி முழுமையாக எழுத முடியாது என்பது என் கருத்து.

முதலாவது, தண்ணீர். மார்ச்சில் ஊற்றில் வரும் நீர் மார்ச்சின் நீர் இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் பெய்தது மண்ணுக்குள் இறங்கி, நாலு மாதம் நடந்து இப்போது வெளியே வருகிறது. வடகிழக்குப் பருவமழை பொய்த்த ஆண்டில், மார்ச் எவ்வளவு குளிராக இருந்தாலும் குன்னூரில் ரேலியா அணையின் மட்டம் இறங்கும், கிராமங்களில் குடம் வரிசை கட்டும். சோலை என்னும் இயற்கை மலைக்காடும் புல்வெளியும் இருந்த இடத்தில் ஊற்று மெல்ல மெல்லக் கசிந்து கோடை வரை ஓடும். கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) சீகையும் (வாட்டில் மரம்) வைத்த இடத்தில் அப்படி இல்லை. உதகையில் உள்ள மண்வளப் பாதுகாப்பு ஆராய்ச்சி மையத்தினர் கிளன்மார்கனில் இரண்டு நீர்ப்பிடிப்புகளை அருகருகே வைத்து, ஒன்றில் கற்பூர மரம் நட்டு, மற்றொன்றைப் புல்லாகவே விட்டு, ஆண்டுக்கணக்கில் அளந்தார்கள். மரம் நட்ட ஓடையில் நீர் குறைந்தது. எங்கள் ஊர்ப் பெரியவர்கள் அதை அளக்காமலே சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஓடை சுருங்கும்போது காட்டெருமைகள் தேயிலைக்குள்ளும் வீட்டு வாசலுக்கும் இறங்கி வருகின்றன. இந்த மாதத்தில் இரவில் கையில் விளக்கு இல்லாமல் நடக்கக் கூடாது.

இரண்டாவது, தீ. கேத்தி நண்பர் எழுதிய உறைபனிக்கும் மார்ச் மாதத் தீக்கும் தொடர்பு உண்டு. மார்கழி, தையில் உறைபனி பட்ட புல் செத்து வைக்கோலாகிவிடுகிறது. இரண்டு மாத வெயிலும் உலர்ந்த காற்றும் அதை இன்னும் காய வைக்கின்றன. மார்ச்சில் ஒரு தீக்குச்சி போதும். சோலைக்குள் ஈரம் இருப்பதால் தீ அதன் விளிம்பில் நின்றுவிடும். புல்வெளியிலும் அயல்மரத் தோப்பிலும்தான் ஓடும். அதுவும் சரிவில் மேல்நோக்கி மனிதன் ஓடுவதைவிட விரைவாக ஓடும். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் நடந்ததை நாம் மறக்கக் கூடாது; காய்ந்த புற்சரிவில் மலையேறியவர்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். 2024 மார்ச்சில் குன்னூர் அருகே பரவிய காட்டுத்தீயை அணைக்க விமானப்படையின் ஹெலிகாப்டர் தண்ணீர் அள்ளி வந்து ஊற்ற வேண்டியிருந்தது. அந்த ஆண்டு வறட்சி அதோடு நிற்கவில்லை. ஏப்ரல் இறுதியில் உதகையில் வெப்பநிலை 29 டிகிரியைத் தொட்டது. 'இதமான வெயில்' என்று பிள்ளைகள் எழுதும் அதே மாதத்தில் வனத்துறைக் காவலர்களும் பழங்குடி மக்களும் தீத்தடுப்புக் கோடுகளில் இரவும் பகலும் நிற்கிறார்கள் என்பதைத் தயவுசெய்து அந்தப் பக்கத்தில் ஒரு வரியாவது சேர்க்கச் சொல்லுங்கள்.

தேயிலையைப் பற்றி நீட்ட விரும்பவில்லை. வறண்டால் சிவப்புச் சிலந்திப்பேன் வரும், இலை செம்பு நிறமாகும், கொழுந்து வராது. மழை வந்த மூன்றாம் வாரம் கொழுந்து வரும்.

பூம்பாறைப் பூண்டு:

மேல்மலையிலிருந்து ஒரு வார்த்தை. எல்லோரும் வறட்சியையே எழுதியிருக்கிறீர்கள், அதனால் இதையும் சேர்க்கிறேன். எங்களுக்கு இந்த வறண்ட வெயில் வேண்டும். பிடுங்கிய மலைப்பூண்டைக் கட்டிப் பரணில் தொங்கவிட்டு, அடியில் புகை போட்டுக் காய வைப்போம். காற்றில் ஈரம் இருந்தால் பூண்டு பூஞ்சை பிடித்துவிடும். அதோடு, சோலை விளிம்பில் காட்டுப்பூவரசு இரத்தச் சிவப்பில் பூத்திருப்பது இந்த நாட்களில்தான். பிள்ளைகளில் பாதிப் பேர் வசந்தம் என்று எழுதினால் அதை முழுவதும் அடித்துவிட வேண்டாம். அவர்கள் அந்த மரத்தைப் பார்த்திருக்கலாம்.

எல்லநள்ளி ஆசிரியை:

அடிக்கவில்லை ஐயா. எழுதியவளிடம் எதைப் பார்த்து எழுதினாய் என்று கேட்டேன். கோத்தகிரிச் சாலையில் நீலப் பூவாகப் பூத்திருக்கும் ஜகரண்டா மரத்தைச் சொன்னாள். அதையும் பார்த்த நாளோடு எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

இந்த ஆண்டிலிருந்து மாத மழைக்கு ஒற்றை எண்ணை எழுதுவதை நிறுத்திவிட்டோம். எந்த நாள், எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு நின்றது, எவ்வளவு என்று எழுதுகிறோம். தாண்டிக்குடி ஐயாவின் நோட்டைப் போலவே மூன்று கட்டங்கள். மேட்டில் ஒன்றும் பள்ளத்தில் ஒன்றுமாக இரண்டு தெர்மாமீட்டர்கள். கேத்தி அண்ணாவின் வரப்பில் வைத்ததில் முதல் வாரத்திலேயே நான்கு டிகிரி வேறுபாடு வந்திருக்கிறது.

நேற்று மாலை மூன்றரை மணிக்கு இங்கே இடி இடித்தது. 3.40 முதல் 4.25 வரை மழை. மழைமானியில் 18 மில்லிமீட்டர். சிறிது ஆலங்கட்டியும் இருந்தது. பிள்ளைகள் கையில் பிடித்து எண்ணிப் பார்த்தார்கள்.

கேத்தி காய்கறி:

டீச்சர், இங்கே பள்ளத்தில் நாலு சொட்டு விழுந்தது, அவ்வளவுதான். உங்கள் பக்கம் கறுத்திருந்ததைப் பார்த்துக்கொண்டே நின்றேன். விதைக்கிழங்கை இன்னும் எடுக்கவில்லை.

தாண்டிக்குடிக் காப்பி:

எங்களுக்கு நேற்று முன்தினம் மாலை ஐந்து மணிக்கு 31 மில்லிமீட்டர், ஒரே வீச்சில். வருகிற வாரக் கடைசியில் பூத்துவிடும் என்று நினைக்கிறேன். ஆசிரியை அவர்கள் விரும்பினால் பிள்ளைகளை அழைத்து வரலாம். மூன்று நாளுக்கு மேல் இருக்காது, அதனால் தாமதிக்காமல் சொல்லுங்கள்.